தம்பியின் மரணங்களை நான் மொழிபெயர்த்த விதம்

டொமினிக்கன் குடியரசில் பிறந்த ஒரு திரைப்பட நடிகரை எங்கள் வீட்டில் ‘தம்பி’ என்றே சொல்லிவந்தோம். அவருடைய முழுப்பெயர், தந்தை வழிப் பெயரும் தாய் வழிப் பெயரும் சேர்ந்து நீண்டது. என் மனைவி அதை இரண்டு முறை உச்சரித்துப் பார்த்துவிட்டு, “எனக்கு இது வராது. தம்பியெண்டே சொல்லுவம்” என்றாள். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அவர் அந்தப் பெயருடனேயே எங்கள் வீட்டில் இருந்தார். அவர் நடித்தவற்றில் கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் பார்த்தோம். உலகம் அவரைப் பெரிய நடிகராகக் கொண்டாடியதில்லை. சுவரொட்டிகளில் அவர் முகம் வந்தது அரிது. ஆயினும் அவருடைய தொழில் வாழ்க்கையை அதன் முதல் நான்கு நிமிடங்களிலிருந்து இவ்வளவு ஒழுங்காகத் தொடர்ந்தவர்கள், அவருடைய தீவுக்கு வெளியே, எங்களைத் தவிர எவரும் இருந்திருப்பார்களா என்பது ஐயமே.

அந்த நான்கு நிமிடங்கள் வாடகைக்கு எடுத்த ஒரு வீடியோ நாடாவில் இருந்தன. ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் வரிசை வீடு ஒன்றுக்குக் குடிவந்த முதற் குளிர்காலம். நியூயோர்க்கின் ஒரு வாகனத் திருத்தகத்தில், காருக்கு அடியிலிருந்து ஓர் இளைஞன் சறுக்கி வெளியே வந்து, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, ஏதோ பகிடி சொல்லிச் சிரித்தான். முன்பற்களுக்கு இடையில் ஒரு நீக்கல். உடுப்பு மடித்துக்கொண்டிருந்த என் மனைவி கையிலிருந்த துவாயைக் கீழே வைத்தாள்.

“இஞ்சருங்கோ, பின்னுக்கு விட்டுப் போடுங்கோ.”

மூன்று முறை போட்டேன். மூன்றாம் முறையும் அவள் காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுடைய சொந்தத் தம்பியின் படம் எங்கள் வரவேற்பறை அலுமாரியில் இருந்தது. அதே நீக்கல், அதே சிரிப்பு. ஊரில் யுத்த காலத்தில் அவன் பேருந்தில் போகும்போது ஒரு சோதனைச் சாவடியில் எல்லோருடனும் இறக்கப்பட்டவன். மற்றவர்கள் திரும்பி ஏறினார்கள். அதற்குமேல் எவருக்கும் எதுவும் தெரியாது. அவனுக்கு இறுதிக் கடமைகள் செய்யப்படவில்லை. படத்துக்கு மாலை போடப்படவில்லை. அவனைப் பற்றிப் பேசும்போது சாவு என்ற சொல்லை அந்தக் குடும்பத்தில் எவரும் வாயில் எடுப்பதில்லை. அப்படி ஒரு விதி இருப்பதாக எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. மருமகனாகப் போன முதற் கிழமையிலேயே விளங்கிக்கொண்டேன்.

இந்த நாட்டில் வெளிநாட்டுப் படங்களுக்குக் குரல் மாற்றுவதில்லை. நடிகர்கள் தங்கள் மொழியில் பேசுவார்கள். திரையின் அடியில் நோர்வேஜிய மொழியில் வரிகள் வந்து போகும். என் மனைவி முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் சமையல் வேலை செய்தாள். வேலைக்கு வேண்டிய மொழி அவளிடம் தாராளமாக இருந்தது. பகிடியும் விடுவாள், சண்டையும் பிடிப்பாள். வாசிப்பு மட்டும் மெதுவாக நடக்கும். முதற் சொல்லைப் பிடிப்பதற்குள் வரி போய்விடும். ஆகவே நான் வாசித்துத் தமிழில் சொல்வது வழக்கமாயிற்று. ஒருமுறை திரையரங்கிலும் அவ்வாறு செய்தோம். முன்னால் இருந்த பெண்மணி ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து, நான்கு வரிசை தள்ளிப் போய் அமர்ந்தார். அதன் பிறகு திரையரங்குக்கு நாங்கள் போகவில்லை. சனிக்கிழமை பின்னேரங்களில், மகள் நீச்சல் வகுப்பில் இருக்கும் இரண்டு மணி நேரத்தில், வீட்டிலேயே பார்த்தோம். மகள் நீந்தப் பழகி, பட்டம் பெற்று, வேலை கிடைத்து ஸ்தவாங்கருக்குப் போன பிறகும் சனிக்கிழமை பின்னேரம் மாறவில்லை.

முதற் படத்தில் அந்த இளைஞன் நடுவழியில் காணாமற்போனான். பிறகு திருத்தகத்தின் முதலாளி வேறொருவனிடம் அவனைப் பற்றி ஒரு வரி சொன்னார். அவனுடைய உடலை ஆற்றிலிருந்து எடுத்தார்கள் என்பது அந்த வரி.

“என்னவாம்?” என்றாள் மனைவி.

“வேறை ஊருக்கு மாத்திப்போட்டினமாம்.”

“நல்லது” என்றாள்.

அப்படிச் சொல்வேன் என்று நானே எதிர்பார்த்திருக்கவில்லை. என் தொழில் அதற்கு நேரெதிரானது. நான் மண்ணியல் படித்தவன். பல்கலைக்கழகத்தில் கற்பித்தேன், அதோடு, சரியக்கூடிய களிமண் நிலங்களை ஆராய்ந்து அறிக்கை எழுதினேன். மூன்று தலைமுறை வாழ்ந்த வீட்டின் முற்றத்தில் நின்று, இந்த நிலம் தாங்காது, நீங்கள் எழும்பத்தான் வேண்டும் என்று வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் அழுதபோதும் சொல்லை மாற்றியதில்லை. அது நேர்மை என்று நினைத்திருந்தேன். அவர்கள் அந்நியர்களாக இருந்ததனால் இயன்றது என்று இப்போது நினைக்கிறேன்.

தம்பியின் முதற் பத்தாண்டுக் காலம் சாவதிலேயே போயிற்று. அந்த நிறத்துக்கும் அந்த உச்சரிப்புக்கும் அக்காலத்தில் வேறு வேலை கொடுக்கப்படவில்லை. போதைப்பொருள் கடத்துபவராக, கைதியாக, கும்பல் தலைவனின் காரோட்டியாக வருவார். கதை சூடு பிடிப்பதற்கு முன்னரே விழுந்துவிடுவார். ஒருமுறை கிறிஸ்துமஸ் மரத்தின் மீது விழுந்தார். இன்னொருமுறை மீன்சந்தையில், பனிக்கட்டிகளின் நடுவில். நான் ஒவ்வொரு தடவையும் வரிகளை மாற்றிக்கொண்டே வந்தேன். காயம் என்றேன். மயக்கம் என்றேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றேன். வரியை மாற்றலாம், காட்சியை மாற்ற இயலாது என்பது அவளுக்கு விளங்க அதிக காலம் எடுக்கவில்லை.

“நெஞ்சில மூண்டு வெடி” என்றாள் ஒரு சனிக்கிழமை. “வாயால ரத்தம். மேலை துணியும் போட்டு மூடிப்போட்டாங்கள். இதுவும் மயக்கமோ?”

“ஓம். பலத்த மயக்கம்.”

“துணி என்னத்துக்கு?”

“குளிரும்தானே.”

அவளுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தேன். “உங்கட தமிழில ஒருத்தரும் சாகமாட்டினம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இது தெரியுமோ?” என்றாள். அன்றிலிருந்து அது எங்களுக்குள் ஒரு விளையாட்டாயிற்று. தம்பி விழுந்தவுடன் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். நான் முகத்தை மாற்றாமல் ஏதாவது சொல்வேன். எந்தப் படத்திலும் அவர் சாவதாக நான் சொல்லவில்லை.

பிறகு அவருக்கு நல்ல காலம் வந்தது. ஒரு தொலைக்காட்சித் தொடரில் காவல் அதிகாரியானார். மீசை வைத்தார், தடித்தார். பல ஆண்டுகள் அந்தத் தொடரில் உயிரோடு இருந்தார். எனக்கும் வேலை குறைந்தது. “நல்லாச் சாப்பிடுறான் போல” என்று என் மனைவி திருப்திப்பட்டாள். தொடர் முடிந்ததும் அவர் அமெரிக்காவை விட்டுத் தம் தீவுக்குத் திரும்பி, தம் மொழியில் சிறிய படங்களில் நடிக்கத் தொடங்கினார். அப்போதுதான் அவருடைய உண்மையான குரலைக் கேட்டோம். ஆங்கிலத்தில் அவர் இரவல் சப்பாத்துடன் நடப்பவரைப்போல அளந்து பேசியிருந்தார். சொந்த மொழியிலோ சொற்களின் நுனிகளை விழுங்கிக்கொண்டு ஓடினார். நரைத்த தலையுடன், பேருந்து ஓட்டுநராக, விளையாட்டு மைதானக் காவலாளியாக, மகனுடன் பேச்சுவார்த்தை இல்லாத தகப்பனாக வந்தார். ஒன்றும் செய்யாமல் ஒரு கதிரையில் இருந்தே ஒரு காட்சியை நிறுத்திவைக்கப் பழகியிருந்தார். அவளுடைய தம்பிக்கு அந்த வயது எப்படி இருந்திருக்கும் என்பதை நாங்கள் அவரிடம் பார்த்தோம். இதையும் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அக்காலத்து வட்டு ஒன்றில், படம் முடிந்த பிறகு அவருடைய செவ்வி இருந்தது. தம் தாயைப் பற்றிச் சொன்னார். மகன் சாகும் காட்சியை அந்த அம்மா பார்க்கமாட்டார். ஆகவே ஒவ்வொரு படமும் வெளிவரும் முன்னர் இவர் தொலைபேசியில் அழைத்து, எந்த இடத்தில் தமக்கு முடிவு வருகிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவார். அந்த இடம் நெருங்கும்போது தாய் எழுந்து, அடுப்பில் கோப்பி வைக்கப் போய்விடுவார். கோப்பி கொதித்த பிறகு வந்து மீதியைப் பார்ப்பார்.

இதை ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன்.

“பாருங்கோ, அந்த மனுசிக்கு உள்ளதைச் சொல்லுறான்.”

“சொன்னாப் பிறகு என்ன படம்?” என்றேன்.

“சொன்னாத்தானே எழும்பிப் போகலாம்” என்றாள்.

போன ஆண்டுக்கு முந்திய ஆண்டின் இலையுதிர்காலத்தில் அவளுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். வைத்தியர் இளம் பெண். முதற் சந்திப்பிலேயே, உரைபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யட்டுமா, குடும்பத்தவர் அதைச் செய்யாமல் இருப்பதே நல்லது என்றார். நான் வாய் திறக்கும் முன் என் மனைவி என்னைச் சுட்டி, “என்ரை மனுசன் சொல்லுவார்” என்று நோர்வேஜிய மொழியிலேயே சொன்னாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது.

மூன்றாம் சந்திப்பில், ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார் வைத்தியர். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் எனக்காக நிறுத்தினார். திரையில் ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரத்தைவிட மிக அதிகமான நேரம் எனக்குக் கிடைத்தது. இனிக் குணமாக்கும் சிகிச்சை இல்லை. ‘லிண்ட்ரெண்டே’, அதாவது வேதனையைத் தணிக்கும் பராமரிப்பு மட்டுமே இனி உண்டு என்றார். காலத்தையும் சொன்னார். அது மாதங்களில் இருந்தது, பல மாதங்களாக இருக்கவில்லை.

“என்னவாம்?” என்றாள் மனைவி.

“நோ குறையிறதுக்கு மருந்து தருவினமாம். உடம்பு கொஞ்சம் தேறட்டாம். பிறகு பாப்பமெண்டு சொல்லுறா.”

“வேறை ஒண்டும் சொல்லேல்லையோ?”

“இல்லை.”

அவள் என்னைப் பார்த்தாள். தம்பி விழுந்தவுடன் பார்க்கும் அதே பார்வை என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அன்று அப்படித் தோன்றவில்லை. பிறகு வைத்தியரின் பக்கம் திரும்பி நன்றி சொன்னாள்.

மறுநாள் காலை அவள் குசினி மேசையில் பால் விடாத தேநீருடன் இருந்தாள். இடது உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி. அதை நக்கி நக்கி, மிடறு மிடறாகக் குடித்துக்கொண்டிருந்தாள். நீரிழிவு என்று தெரிந்த பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேலாக அவள் சீனியைத் தொட்டதில்லை.

“என்ன இது? உமக்குச் சீனி வருத்தமெல்லோ.”

“ஒருக்காத்தானே.”

“சுகம் வரட்டும். பிறகு குடியும்.”

சீனிப் போத்தலை எடுத்து, அலுமாரியின் மேல்தட்டில், அவளுக்கு எட்டாத இடத்தில் வைத்தேன். அவள் உள்ளங்கையைக் கழுவிக்கொண்டு, “சரி” என்றாள். நான் சொன்ன பொய் நிற்க வேண்டுமென்றால் சீனியைத் தடுக்கத்தான் வேண்டும். குணமாகப் போகிற ஒருத்திக்கு எவனும் சீனி கொடுக்கமாட்டான். மிகவும் தர்க்கபூர்வமாகத்தான் நடந்துகொண்டேன்.

மார்கழியில், நூலகத்திலிருந்து தம்பியின் படமொன்றைக் கொண்டுவந்தேன். கரும்பு ஏற்றும் கிழட்டு லொறிக்காரராக நடித்திருந்தார். அவள் சோபாவில் இரண்டு தலையணைகளில் சாய்ந்திருந்தாள். படம் போடுவதற்கு முன் என் கையைப் பிடித்தாள்.

“இஞ்சருங்கோ. இந்த முறை உள்ளதைச் சொல்லுங்கோ.”

“எப்பவும் சொல்லுறதுதானே.”

“பகிடி இல்லை. உள்ளதைச் சொல்லுங்கோ.”

படம் முழுவதும் வரி பிசகாமல் சொன்னேன். கிழவர் லொறியை விற்றார். பழைய கடன்காரனுடன் சமாதானமானார். கடைசியில் வெறும் கதிரையொன்று வாசலில் கிடக்க, அயல்வீட்டுப் பெண் அதை உள்ளே எடுத்து வைத்துக்கொண்டே ஒரு வரி சொன்னாள். ‘விடியும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார், நோகவில்லை.’ வரி நெடுநேரம் திரையில் நின்றது. மெதுவாக வாசிப்பவர் எவரும் வாசித்து முடிக்கக்கூடிய அளவுக்கு நின்றது.

“என்ன சொல்லுறாள்?” என்றாள் மனைவி.

“மகளிட்டைப் போயிட்டாராம்” என்றேன். “கொஞ்ச நாள் நிண்டிட்டு வருவாராம்.”

அவள் சிரிக்கவில்லை. கையை எடுத்துக்கொண்டாள். திரை கறுப்பாகி, அந்தக் கறுப்பில் பெயர்கள் ஏறத் தொடங்கின. தம்பியின் நீண்ட பெயர் முதலில் வந்தது. அவள் அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தேத்தண்ணி குடிப்பமே?” என்றாள்.

நான் போட்டுக் கொடுத்தேன். சீனி இல்லாமல்.

தை மாதக் கடைசியில் அவள் இறந்தாள். மகள் ஸ்தவாங்கரிலிருந்து வந்து கூடவே இருந்தாள். கடைசிக் கிழமைகளைப் பற்றி எழுதும் எண்ணம் எனக்கு இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்களுள் அவளுடன் குசினியில் வேலை செய்த பெண்ணும் ஒருவர். முல்லைத்தீவுக்காரி, என்னை அண்ணை என்று கூப்பிடுவார். சாப்பாடு முடிந்து பலர் போன பின்னர், பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டு நின்றார். கடைசிவரை அவளுக்கு நோயின் தன்மை தெரியாமல் காத்தேன் என்று அவரிடம் சொன்னேன். ஆறுதலுக்காகச் சொன்னேனா, பாராட்டுக்காகச் சொன்னேனா, தெரியாது.

அவர் துடைப்பதை நிறுத்தினார்.

“ஆஸ்பத்திரியில என்ன சொன்னவை அண்ணை?”

“லிண்ட்ரெண்டே எண்டு.”

“அதை அக்காவுக்கு முன்னாலையோ சொன்னவை?”

“ஓம். நான் வேறை மாதிரிச் சொன்னனான்.”

அவர் என்னைப் பார்க்காமல் துணியை நான்காக மடித்தார். “அண்ணை, எங்கட குசினிச் சுவரில அந்தச் சொல்லைப் பெரிசா எழுதி ஒரு பட்டியல் தொங்குது. எந்தெந்த அறையில கடைசி நாள் ஆக்கள் இருக்கினமெண்டு. அந்த அறையளுக்கு இருபது வருசமாத் தட்டுப் போட்டது அக்கா. வேறை ஆரையும் தொட விடமாட்டா. அந்த ஆக்களுக்கு உப்பு, சீனி, கொழுப்பு ஒண்டுக்கும் தடை இல்லை. வாய் கேக்கிறதைக் குடுக்கலாம். இனி என்ன கட்டுப்பாடெண்டு அக்காதான் புதுசா வாறாக்களுக்குச் சொல்லிக் குடுக்கிறவ.”

நான் அலுமாரியின் மேல்தட்டைப் பார்த்தேன்.

“தை பிறக்க முதல் நான் பாக்க வந்தனான். அவர் இன்னும் சொல்லேல்லை, பாவம், சொல்லட்டுமெண்டு பாத்துக்கொண்டிருக்கிறன் எண்டவ. எனக்கு அப்ப விளங்கேல்லை. நான் உங்கட ஓய்வூதிய அலுவலாக்குமெண்டு நினைச்சன்.”

அவர் போன பிறகு அலுமாரியின் மேல்தட்டிலிருந்து போத்தலை இறக்கினேன். பாதிக்கு மேல் இருந்தது. நாட்பட்டு இறுகிக் கட்டிபட்டிருந்தது. அந்த வைத்தியசாலை அறையில் மூன்று பேர் இருந்தோம். அந்தச் சொல்லின் முழுப் பொருளும் மூவரிலும் அவளுக்கே நன்கு தெரிந்திருந்தது. அகராதியில் மட்டும் அதைக் கண்டவன் நான். அதைக் கேட்ட மறுநாளே அவள் தனக்கும் ஒரு தட்டுப் போட்டுக்கொண்டாள். ஒரு கரண்டி சீனி. நான் அதை எடுத்து உயரத்தில் வைத்தேன். எஞ்சியிருந்த நாட்களில் நாங்கள் பேசியிருக்கக்கூடியவை எவை என்று இப்போது என்னால் அறிய இயலாது. எதைப் பற்றியும் நான் அறிக்கை எழுதக்கூடியவன். இதற்குத் தரவு இல்லை.

இந்த இலையுதிர்காலத்தில் தம்பியின் புதிய படம் ஒஸ்லோவுக்கு வந்தது. மகள் தொலைபேசியில் சொன்னாள். “அப்பா, அம்மாவின்ரை ஆள் kinoவில வந்திருக்கிறார். போங்கோ.” திரையரங்கைச் சொல்ல அவளுக்கு எப்போதும் அந்த நோர்வேஜியச் சொல்தான் வரும். போனேன். பகற் காட்சி. பத்துப் பேர் வரையில் இருந்திருப்பார்கள். பக்கத்து இருக்கையில் என் குளிரங்கியை வைத்தேன்.

அவருக்கு இப்போது அறுபது வயதிருக்கும். பற்களின் நீக்கல் அப்படியே இருந்தது. கடலோரத்தில் தனியே வாழும் முடிதிருத்துபவர். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிகளில் ஏறினார். இருமினார். மருத்துவமனையில் படுத்தார். முப்பது நிமிடம் மீதியிருந்தது. எனக்கு அவருடைய தொழில் தெரியும். பழைய பழக்கத்தில், இந்தத் தடவை என்ன சொல்லலாம் என்று தேடத் தொடங்கினேன். பிறகு, மாற்றி ஒன்றும் சொல்வதில்லை, உள்ளதையே சொல்வது என்று முடிவு செய்துகொண்டு காத்திருந்தேன்.

அவர் கட்டிலிலிருந்து எழுந்தார். வீட்டுக்கு வந்தார். கடையைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து, உள்ளே வந்த முதல் ஆளின் கழுத்தில் வெள்ளைத் துணியைக் கட்டினார். எவ்வளவு வெட்டட்டும் என்று கேட்டார். படம் முடிந்தது.

குளிரங்கியின் பக்கம் சற்றுச் சாய்ந்து, “ஆள் சாகேல்லை” என்றேன். முன்னால் இருந்தவர் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளதைத்தான் சொன்னேன். அவள் நம்பியிருக்கமாட்டாள்.